கோழி கழிகிறதா? மருந்துக்கு முன் எச்சத்தைப் பாருங்கள்

கூட்டைத் திறந்ததும் முதலில் குதித்து இறங்குகிற கோழி, ஒரு நாள் காலையில் மற்றதெல்லாம் இறங்கிய பிறகும் கட்டையிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு உடம்பு சரியில்லை. கோழி நோயை வெளியே காட்டாது. சோர்ந்து நிற்கிற கோழியை மற்றவை கொத்தி ஒதுக்கிவிடும் என்பதால், முடிகிற வரைக்கும் ஒன்றுமில்லாததுபோலவே நடமாடும். நமக்குச் சோர்வு தெரிகிறபோது பெரும்பாலும் நோய் வந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். எச்சம் மட்டும் அதற்கு முன்பே மாறியிருக்கும். பார்க்க நமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே போகும் தோட்டத்துச் சாலையில் எங்கள் வீடு. பின்னால் செம்பனை, பக்கத்தில் வாய்க்கால். அம்மா லயத்தில் இருந்த காலத்திலிருந்தே கோழி வளர்க்கிறோம். சில வருடங்களுக்கு முன், வருடக் கடைசி மழையில், நாலு மாத விடைக்கோழிகள் இரண்டு கழிய ஆரம்பித்தன. ஒரு தீவனக் கடையில் போய்ச் சொன்னேன். எச்சம் என்ன நிறம் என்று கடைக்காரர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துத் தூளைக் கொடுத்தார். நாலு நாள் கலக்கிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஒன்று செத்தது, மறுநாள் அடுத்தது. மூன்றாவதாக எங்கள் செவலைக் கோழியும் சுருண்டபோதுதான் அதையும் அதன் எச்சத்தையும் எடுத்துக்கொண்டு கோலகங்சார் வெட்டரினார் ஆபீசுக்கு, அதாவது அரசாங்கக் கால்நடை மருத்துவ அலுவலகத்துக்கு, ஓடினேன். அங்கே சோதித்துப் பார்த்து, இது ரத்தக் கழிச்சல், காக்சிடியா என்கிற ஒட்டுண்ணியால் வருவது, நீங்கள் கொடுத்த ஆன்டிபயாட்டிக் இதைத் தொடாது என்றார்கள். செவலை பிழைத்தது. எச்சத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் மற்ற இரண்டும் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

முதல் படி: தனியாக வையுங்கள், வெள்ளைத் தாள் விரியுங்கள்

எந்த நோய் என்று தெரிவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. கோழியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, வேறு இடத்தில் ஒரு கூண்டிலோ பெரிய அட்டைப் பெட்டியிலோ வையுங்கள். பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்தாலும் சரிதான், ஆனால் மண் தரையில் வேண்டாம். அடியில் பழைய காலண்டர் தாளை வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரியுங்கள். கூட்டுக்குள் பத்துக் கோழியின் எச்சம் கலந்து கிடக்கும்போது எது யாருடையது என்று சொல்ல முடியாது. வெள்ளைத் தாளில் நிறம், தண்ணீர், ரத்தம், புழு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பகலில் கோழி அரை மணி நேரத்துக்கு ஒரு முறைபோல எச்சமிடும், அதனால் மத்தியானத்துக்குள் நாலைந்து கிடைத்துவிடும். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் காட்ட அதுவே போதுமான நேரங்களும் உண்டு.

இடம் காய்ந்ததாகவும் கதகதப்பாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும். கோழியின் உடல் சூடு 41 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும், நம்மைவிட நாலு பாகை அதிகம். நோய் வந்த கோழியால் அந்தச் சூட்டைக் காப்பாற்ற முடியாது. மழை பெய்த இரவில் நம்மூரில்கூட அது நடுங்கும். பழைய மஞ்சள் குண்டு பல்பு 40 வாட்டில் இருந்தால் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. பல்பு கிடைக்கவில்லை என்றால் சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். சூடு ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், வேண்டாம் என்றால் கோழி தானே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும்.

அந்தக் கோழிக்குத் தனித் தண்ணீர்ப் பாத்திரம், தனித் தீனித் தட்டு. அதைக் கவனிக்கப் போகும்போது போடும் செருப்போடு மற்றக் கோழிகளிடம் போகாதீர்கள். முதலில் நல்ல கோழிகளுக்குத் தீனி வையுங்கள், கடைசியாக நோய்க்கோழியிடம் போங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழி எச்சத்தில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம், அது மனிதர்களுக்கும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும். குழந்தைகளைக் கிட்டே விட வேண்டாம்.

நல்ல எச்சம் எப்படி இருக்கும்

இது தெரியாமல் கெட்டது தெரியாது. கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது. எல்லாம் ஒரே வழியாகத்தான் வெளியே வரும். அதனால் நல்ல எச்சத்தில் இரண்டு பகுதி இருக்கும். அடியில் பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பச்சையில் உருண்டு திரண்டிருப்பது குடலிலிருந்து வந்தது. மேலே சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல வெள்ளையாக இருப்பது சிறுநீரகத்திலிருந்து வந்தது. குச்சியால் நகர்த்தினால் உருண்டு வரும், தாளில் சுற்றிலும் ஈரம் அதிகம் பரவாது.

எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒரு முறை வேறு மாதிரி ஒன்று வரும். காப்பித் தூள் நிறத்திலோ கடுகு அரைத்த நிறத்திலோ, பிசுபிசுவென்று கூழ்போல, மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றத்தோடு இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைத்தான் கழிச்சல் என்று பயப்படுகிறார்கள். கோழியின் குடலின் கடைசிப் பகுதியில் இரண்டு குடல்பைகள் உண்டு. அங்கே நார்ச்சத்து புளித்துச் செரிக்கிறது. அந்தப் பைகள் காலியாகும்போது வருவதுதான் இது. வராமல் போனால்தான் யோசிக்க வேண்டும்.

பயப்பட வேண்டாத மாற்றங்கள் இன்னும் சில உண்டு. அடைக்கோழி நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான் எழுந்து வரும், அப்போது பெரிய கட்டியாக, நாற்றமாகப் போடும். உச்சி வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கி நிறையத் தண்ணீர் குடிக்கும், எச்சமும் தண்ணியாகும். சாயங்காலம் சரியாகிவிட்டால் அது நோயில்லை. முருங்கைக்கீரை போட்டால் பச்சையாகும், சிவப்பு நாகப்பழத் (டிராகன் பழத்) தோலைக் கொத்தியிருந்தால் ரத்தமோ என்று நினைக்கும்படி சிவக்கும். எப்போதாவது ஒன்றில் இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய சவ்வுபோல இழைகள் தெரியலாம். குடலின் உட்தோல் உரிந்து புதிதாக வளர்கிறது, அதன் கழிவு. ஒன்றில் இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்து வந்தால் கவனியுங்கள்.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நேற்று என்ன தின்றது? இது தொடர்ந்து வருகிறதா? ஒரே ஒரு எச்சத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள்

கோழியை மடியில் வைத்து, இறக்கைகளைச் சேர்த்து மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டை நனையும், பரவாயில்லை.

மார்பின் நடுவே ஓடும் எலும்பை விரலால் தடவுங்கள். இரு பக்கமும் சதை நிறைந்து எலும்பு லேசாகத்தான் தட்டுப்பட வேண்டும். கத்தி முதுகுபோலக் கூர்மையாகத் துருத்தினால் அது பல நாளாக மெலிந்துகொண்டிருக்கிறது, நேற்று வந்த நோயில்லை. இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு இது தெரியாது, கைக்குத்தான் தெரியும். மாதம் ஒரு முறை நல்ல கோழிகளையும் இப்படித் தடவிப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

அப்புறம் கொண்டை. வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, புழுவோ ரத்தக் கழிச்சலோ இருக்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சோ ரத்த ஓட்டமோ தடைப்படுகிறது, அது ஆபத்து. தீனிப்பையைக் காலையில், தீனி வைப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். இரவில் செரித்துக் காலையில் அது காலியாக இருக்க வேண்டும். கல்போல நிறைந்திருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பைபோலத் தளதளவென்று, வாயிலிருந்து புளித்த வாடை வந்தால் தீனி உள்ளேயே புளித்துவிட்டது. தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கி எடுக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கினால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடும்.

கடைசியாகப் பின்புறம். இறகில் எச்சம் அப்பிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஊறிய பிறகு எடுங்கள், பிய்த்து இழுக்க வேண்டாம். கழுவியதும் ஈரம் போகத் துடையுங்கள். நம்மூர் வெக்கைக்கு அழுக்கு இறகில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். நோயைவிட வேகமாக அந்தப் புழு கோழியைக் கொன்றுவிடும். அடிவயிறு வீங்கித் தொங்கி, பென்குவின்போல நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு முங்கும்படி கால் மணி நேரம் உட்காரவைத்து, துவட்டி, இருட்டான இடத்தில் விடுங்கள். அன்றைக்குள் முட்டை வரவில்லை என்றால் டாக்டர்தான். அமுக்கி எடுக்கப் பார்த்தால் முட்டை உள்ளேயே உடையும்.

சிவப்பு: ரத்தக் கழிச்சல்

மழைக்காலத்தில் தோட்டப் பக்கம் அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

காக்சிடியா மிகச் சிறிய ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாது. நோய்க்கோழியின் எச்சத்தில் அதன் முட்டை போன்ற கூடுகள் லட்சக்கணக்கில் வெளியேறும். வெளியே வந்தவுடன் அவை தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து, தொற்றுவதற்குத் தயாராகும். மழையில் நனைந்த கொட்டகைத் தரை அதற்குத் தோதான இடம். தரையைக் கொத்தும்போது அடுத்த கோழிக்குள் போகும். குடல்பையைத் தாக்கும் வகை என்றால் ஐந்தாறு நாளில் எச்சத்தில் ரத்தம் தெரியும். அதாவது இன்று ரத்தம் பார்த்தால், போன வாரம் தரை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் போன வாரம் கூரைத் தகரம் ஒழுகியிருந்தது.

மூன்று வாரத்துக் குஞ்சிலிருந்து நாலு மாத விடைக்கோழி வரை இது அதிகம் தாக்கும். வளர்ந்த கோழிக்குச் சிறு வயதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொற்றிப் பழகியிருப்பதால் தாங்கும் சக்தி இருக்கும். வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த பெரிய கோழிக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போகலாம்.

தாளில் என்ன தெரியும்? காப்பி நிறக் கூழில் செம்பழுப்பாக, கட்டியாக ரத்தம் கலந்திருக்கும். கடுமையாக இருந்தால் கிட்டத்தட்ட வெறும் ரத்தம்தான். கோழி இறகைச் சிலிர்த்து, தோளைத் தூக்கி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். கொண்டை வெளுக்கும். ஆனால் எல்லா வகையும் ரத்தம் காட்டாது. சில வகைகளில் ஆரஞ்சு நிறச் சளியும் தண்ணீருமாகத்தான் வரும்.

இதற்கு மருந்து உண்டு. அம்ப்ரோலியம் என்ற தூளைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். பாக்கெட்டில் 20 விழுக்காடு என்று போட்டிருந்தால், கடுமையான நோய்க்கு வழக்கமான அளவு லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள். அப்புறம் அதில் கால் பங்கு அளவில் ஒன்றிரண்டு வாரம். விழுக்காடு மாறினால் அளவும் மாறும், அதனால் உங்கள் கையிலிருக்கும் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கிடைக்கக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்கிய தட்டு பக்கத்தில் இருந்தால் கோழி அதைத்தான் குடிக்கும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். ஒரே கொட்டகையில் இருந்த மற்றக் கோழிகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள், அவையும் அதே தரையைத்தான் கொத்தின.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அம்ப்ரோலியம் பார்க்க வைட்டமின் பி1 போலவே இருக்கும், ஒட்டுண்ணி ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு பட்டினியாகும். நீங்கள் அதே சமயம் சத்துக்காக வைட்டமின் தண்ணீரும் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. வைட்டமின் எல்லாம் மருந்து முடிந்த பிறகு.

வெள்ளையும் பச்சையும்: வெள்ளைக் கழிச்சல்

பாட்டிமார் வெள்ளைக் கழிச்சல் என்பதும், தமிழ்நாட்டில் ராணிக்கெட் என்பதும், மலாயில் சம்பார் ஆயாம் என்பதும் ஒன்றுதான். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் ஊரிலும் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் இது. எச்சம் தண்ணியாக, வெள்ளையும் பச்சையும் கலந்து வரும். அதோடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில நாளில் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுக்கும், வட்டமாகச் சுற்றும். ஒன்றுக்கு வந்தால் நாலுக்கு வரும். முட்டை சட்டென்று நின்றுவிடும்.

இதற்கு மருந்து கிடையாது. கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் தெரிந்துகொண்டால் கண்டதையும் வாங்கி ஊற்றிக்கொண்டிருக்க மாட்டீர்கள். தடுப்பூசிதான் வழி. நம் நாட்டிலேயே 1980-களில் அப்போதைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், கிராமத்துக் கோழிகளுக்குத் தீவனத்தோடு கலந்து கொடுக்கும்படி சூடு தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். ஐஸ்பெட்டி இல்லாத, கோழியைத் துரத்திப் பிடிக்க முடியாத நம்மைப்போன்றவர்களை நினைத்துச் செய்தது அது. இப்போது கண்ணில் சொட்டாக விடுவதும் உண்டு. பத்துக் கோழிதானே என்று விடாமல், குஞ்சு பொரித்த வாரமே வெட்டரினார் ஆபீசில் கேளுங்கள்.

மற்ற நிறங்கள்

பளிச்சென்ற பச்சையாக, தீனியே இல்லாமல் வந்தால் அது பித்தம். கோழி தின்னவில்லை என்று பொருள். ஏன் தின்னவில்லை என்பதுதான் கேள்வி. வெள்ளை மட்டும் தண்ணீராக வந்தால் சிறுநீரகமோ முட்டைப்பாதையோ கெட்டிருக்கலாம். முட்டையிடும் கோழிக்கான டெடாக்கை (கடைத் தீவனத்தை) குஞ்சுகளுக்குப் போட்டாலும் இது வரும். அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. சில நாள் குஞ்சின் பின்புறம் வெள்ளைப் பசைபோல அடைத்து, வரிசையாகச் சாகின்றன என்றால் பாக்டீரியா நோயாக இருக்கலாம். கந்தக மஞ்சளாக வந்தால் ஒட்டுண்ணி நோயாகவோ பாக்டீரியா நோயாகவோ இருக்கலாம். இவற்றை வீட்டில் பார்த்துச் சொல்ல முடியாது, எச்சத்தைச் சோதிக்க வேண்டும்.

புழு கண்ணுக்கே தெரியும். வேகவைத்த சேமியா மாதிரி விரல் நீளத்துக்கு இருந்தால் உருண்டைப்புழு. வெந்த அரிசி மாதிரி சிறு துண்டுகள் நெளிந்தால் நாடாப்புழு. உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கும் லெவாமிசோல் நாடாப்புழுவைக் கொல்லாது, அதற்குப் பிராசிகுவாண்டல் வேண்டும். எது என்று பார்த்துச் சொல்லி வாங்குங்கள். அளவு கோழியின் எடையைப் பொறுத்தது. கோழியைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, அப்புறம் நீங்கள் மட்டும் நின்று கழித்துப் பாருங்கள்.

தோட்டத்துக்கே உரிய ஆபத்து

எச்சத்தில் ரத்தம், கொண்டை வெளுப்பு, இறக்கைக்கு அடியில் நீலத் தடிப்பு, ஆனால் ஈரத் தரையும் இல்லை, குஞ்சும் இல்லை, வளர்ந்த கோழி என்றால் எலி மருந்தை நினையுங்கள். செம்பனை மரத்தடியில் மெழுகுக் கட்டியாக, சாயம் போட்டு வைப்பார்கள். கோழி கொத்தும், அல்லது அதைத் தின்ற பூச்சியைக் கொத்தும். இந்த மருந்து ரத்தத்தை உறையவிடாது, சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வைட்டமின் கே1 கொடுத்தால் காப்பாற்றலாம், ஆனால் டாக்டர்தான் கொடுக்க வேண்டும். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் தண்டலைப் பார்த்து, "அண்ணே, எலி மருந்து எப்போ வச்சாங்க, எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். முடிந்தால் மருந்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புல் மருந்து அடிக்கிற நாள்களில் கோழியைத் திறந்துவிடவே வேண்டாம்.

தண்ணீரும் தீனியும்

கழிகிற கோழி பெரும்பாலும் தண்ணீர் வற்றித்தான் சாகிறது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனி, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான். முதல் ஒன்றிரண்டு நாளுக்கு இதைக் கொடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை புதிதாக மாற்றுங்கள், சீனி புளித்துவிடும். அம்ப்ரோலியம் ஆரம்பித்துவிட்டால் மருந்துத் தண்ணீர் மட்டும்தான்.

தானாகக் குடிக்கவில்லை என்றால் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வையுங்கள். கோழி நாக்கை அசைத்து விழுங்கும் வரை காத்திருங்கள், அப்புறம் அடுத்த சொட்டு. வாயைத் திறந்து உள்ளே பீய்ச்சினால், நாக்குக்குப் பின்னால் நடுவில் இருக்கும் மூச்சுத் துளைக்குள் போய்விடும். செவலைக்கு நான் இரவு பத்து மணிக்கும், அதிகாலை ரப்பர் பால் வெட்டுக்கு எழும் பழக்கத்தில் அம்மா நாலு மணிக்கும், இப்படிச் சொட்டுச் சொட்டாக விட்டோம். மூன்றாம் நாள் காலை அது சிரிஞ்சைப் பார்த்துத் தானாகவே அலகை நீட்டியது.

தீனிக்கு, குழைய வேகவைத்த சோறும் நசுக்கிய அவித்த முட்டையும் போதும். வழக்கமான டெடாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுக்கலாம். பால் வேண்டாம், செரிக்காது. குழம்புச் சோற்றின் மிச்சம் வேண்டாம், உப்பு கோழிக்கு விஷம்.

மஞ்சளும் சின்ன வெங்காயமும்

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏம்மா, மஞ்சளும் சின்ன வெங்காயமும் தட்டிக் கொடுத்தியா?" என்று கேட்பார். அன்போடு சொல்வது. லேசான செரிமானக் கோளாறுக்குக் கொஞ்சம் கொடுப்பதில் கெடுதல் இல்லை, நானும் மஞ்சள் கொடுக்கிறேன். ஆனால் வெங்காயத்தை அள்ளிப் போடாதீர்கள், அதிகமானால் ரத்த அணுக்களைக் கெடுக்கும். ரத்தம் வரும்போதும் கழுத்து முறுக்கும்போதும் வைத்தியத்தைச் செய்துகொண்டே இரண்டு நாள் காத்திருப்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இரண்டு நாள்தான் கோழியின் உயிர்.

ஆன்டிபயாட்டிக்கும் அதேபோலத்தான். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். வைரசுக்கும் ஒட்டுண்ணிக்கும் அது வேலை செய்யாது, தேவையில்லாமல் கொடுத்தால் கிருமிகள் பழகிக்கொள்ளும். மலேசியாவில் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019 ஜனவரியிலிருந்து தடை செய்ததும் இந்தப் பயத்தினால்தான்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்

ரத்தம் அடுத்தடுத்து வந்தால். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் குடிக்காமல் இருந்தால். மூச்சு இழுத்தால், கழுத்து முறுக்கினால். இரண்டு நாளுக்குள் இரண்டு கோழி செத்தால்.

கடைசியாகச் சொன்னதில் அசட்டை வேண்டாம். எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2004-இலும் 2017-இலும் கிளந்தான் மாநிலத்தில் வந்தது. வரிசையாகச் சாகும்போது மாவட்ட வெட்டரினார் ஆபீசுக்குச் சொல்வது கடமை. எல்லாக் கோழியையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகளும் அதே வாசலில்தான் விளையாடுகிறார்கள்.

"சாகறதுக்குள்ள அறுத்துடு" என்ற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வறுமையில் வந்த பழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோய்க்கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, குடலெடுக்கும்போதுதான் கிருமி கைக்கும் மூக்குக்கும் வருகிறது. அறுக்காதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். செத்த கோழியைச் சோதிக்க வேண்டுமானால் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி எடுத்து, இரண்டு பைக்குள் போட்டு, மீன் பெட்டியில் ஐஸ் கட்டிகளோடு வையுங்கள். பிரீசரில் உறையவைத்தால் உள்ளுறுப்பைப் பார்க்க முடியாமல் போய்விடும். கால்நடை ஆய்வுக் கழகம் ஈப்போவில்தான் இருக்கிறது. மாவட்ட ஆபீசில் கேட்டால் எங்கே எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். சோதனை தேவையில்லை என்று அவர்கள் சொன்னால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

கொட்டகை

கோழி பெட்டிக்குள் தேறிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பழைய உமியை முழுக்க வாரி எடுத்துப் போடுங்கள். குளோராக்ஸ் (பிளீச்) ஊற்றினால் காக்சிடியாவின் கூடு சாகாது, அதன் ஓடு கெட்டி. கொதிக்கும் தண்ணீர், சுள்ளென்ற வெயில், காய்ந்த தரை, இந்த மூன்றுக்கும் அது பணியும். கூரை ஒழுகலை அடையுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அதில் எச்சமும் விழாது, தரையும் நனையாது. புது உமியை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரமாகும் இடத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

திரும்பச் சேர்ப்பது

மூன்று நாள் தொடர்ந்து தாளில் நல்ல எச்சம், தானாகத் தின்கிறது, கொண்டையில் சிவப்பு திரும்புகிறது என்றால் சேர்க்கலாம். பகலில் நடுவில் கொண்டுபோய் விட்டால் புதுக்கோழி என்று கொத்தித் தள்ளிவிடும். முதல் இரண்டு நாள் கூண்டோடு கொட்டகைக்குப் பக்கத்தில் வையுங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் இருட்டிய பிறகு எடுத்துக் கட்டையில், மற்றவற்றின் நடுவில் உட்காரவையுங்கள்.

மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பாக்கெட்டில் பாருங்கள், போடவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு, அதுவரை வரும் முட்டையைப் புதைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த வட்டம் அடுத்த மாதத் தாள் வரை போயிற்று, அம்மா ஒவ்வொரு முட்டையையும் வாழை மரத்தடியில் புதைத்தார்.